ஏழைப் பங்காளர் அரசு லாட்டரியார்க்கு எளியோர் படைக்கும் வாழ்த்துமடல்

திருவும் புகழும் ஒருங்கே வாய்த்தவரும், 1967ஆம் ஆண்டு கேரளத் திருநாட்டில் அவதரித்து, மாநில அரசே முன்னின்று நடத்தும் லாட்டரித் துறை என்னும் மணிமுடியை இந்தியாவிலேயே முதன்முதலாகச் சூடிக்கொண்டவரும், வாரத்தின் ஏழு நாளும் ஓய்வறியாது கூலிக்காரர் வரும் வழியெல்லாம் காத்து நிற்பவரும், கொடுப்பதைக் கோடியிலும் வாங்குவதை ஐம்பது ரூபாயிலும் கணக்கிடும் பெருந்தன்மையருமாகிய மாட்சிமை தங்கிய அரசு லாட்டரியார் அவர்களின் பொன்னார் திருமுன்னர், சீட்டு வாங்கி வாங்கியே கை சிவந்த எளியோர் நாங்கள் பணிந்து படைக்கும் வாழ்த்துமடல்.

நிதி மேதையே!

அரசுக்குப் பணம் வேண்டும். மன்னர் காலம் தொட்டு இதுவே மாறாத தேவை. நிலவரி போட்டால் நிலக்கிழார் முகம் சுளிக்கிறார். சொத்து வரியை ஏற்றினால் வீட்டுக்காரர் மறியல் செய்கிறார். தொழிலதிபரிடம் கேட்டாலோ வழக்கறிஞர் பேசுகிறார். இந்தச் சங்கடங்கள் அனைத்தையும் ஒரே சீட்டில் தீர்த்துவைத்த தங்கள் அறிவை என்னென்று புகழ்வோம்! ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு அவர்களின் அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த பி.கே.குஞ்ஞு அவர்கள் தங்களைக் கருவுற்ற அந்நாளில், பொதுமக்களுக்குத் தொல்லை தராத வருமானம் என்றே தங்களை உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். அச்சொல் எவ்வளவு மெய்! வரி கட்டுகிறோம் என்று தெரிந்தால்தானே தொல்லை? வரிசையில் நின்று, நல்ல எண்ணாகப் பார்த்துத் தேர்ந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டுகிற வரியை உலகில் வேறு எந்த அரசு கண்டுபிடித்தது?

அதிலும் தாங்கள் பிறந்த விதம் மிக மிக மங்கலமானது. தனியார் நடத்திய லாட்டரிகள் அனைத்தும் முதலில் தடை செய்யப்பட்டன. ஊரார் பணம் கண்டவர் கைக்குப் போவது தீது என்று அரசு உணர்ந்த அந்த அறச்சீற்றத்திலிருந்தே தாங்கள் அவதரித்தீர்கள். கண்டவர் கையை விலக்கிவிட்டு அரசே தன் கையை நீட்டியது. விலை 1 ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கலுக்குத் தேர்ந்த நாள் 1968ஆம் ஆண்டு ஜனவரி 26. குடிமக்கள் அனைவரும் சமம் என்று அரசமைப்புச் சட்டம் முரசறைந்த நன்னாளில், அவர்களில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றவரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பும் திருப்பணியைத் தொடங்கி வைத்த நயத்தை இன்னும் வியந்து தீரவில்லை நாங்கள்.

ஏழைப் பங்காளரே!

இப்பட்டம் அரசியல் மேடைகளில் பலருக்கும் சூட்டப்படுவதுண்டு. பொருந்துவது தங்களுக்கு மட்டுமே. ஏழையிடம் இருப்பதில் நாள்தோறும் பங்கு கேட்பவர் தங்களைத் தவிர யார்? சுமை தூக்குவோர், ஆட்டோ ஓட்டுவோர், கட்டட வேலைக்குச் செல்வோர், மீன்பிடித் துறையில் வலை இழுப்போர் என ஒருவரையும் தாங்கள் ஒதுக்கியதில்லை. மாளிகைவாசிகளைத் தொந்தரவு செய்யும் அநாகரிகமும் தங்களிடம் இல்லை. கார்க் கண்ணாடியை இறக்கி ஐம்பது ரூபாய்ச் சீட்டு வாங்கும் கோடீசுவரரை எங்கள் வாழ்நாளில் கண்டதில்லை; அவரிடம் ஏற்கெனவே கோடி இருப்பதால் அவருக்குத் தங்கள் அருள் தேவைப்படவில்லை. தேவைப்படுவோரிடம் மட்டுமே வருகிறீர்கள். நோயாளியைத் தேடிப் போகும் வைத்தியருக்குக்கூட இத்தனை பக்குவம் வாய்க்காது.

2023-24ஆம் ஆண்டில் தங்கள் சீட்டு விற்ற தொகை 12,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கேரளத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய மூன்றரைக் கோடி. தொட்டிலில் கிடக்கும் குழந்தை முதல் கட்டிலில் கிடக்கும் கிழவர் வரை எல்லோருக்கும் பிரித்தால் தலைக்கு மூவாயிரம் ரூபாய்க்குக் குறையாது. குழந்தைகள் சீட்டு வாங்குவதில்லை. வசதி படைத்தோர் பெரும்பாலும் வாங்குவதில்லை. ஆகவே அவர்கள் பங்கையும் சேர்த்துச் சுமக்கும் பாக்கியம் கூலிக்காரருக்கே கிடைத்திருக்கிறது. சமூக நீதிக்கு இதைவிடச் சிறந்த செயல்விளக்கம் உண்டா?

தங்கள் சீட்டை விற்போரையும் எத்தனை நுட்பமாகத் தேர்ந்திருக்கிறீர்கள்! பேருந்து நிலையப் படிக்கட்டில் நிற்கும் முதியவர், மூன்று சக்கர வண்டியில் வரும் கால் இழந்தவர், தொட்டுத் தடவிச் சீட்டைக் கிழித்துத் தரும் பார்வையற்றவர். வேறு வேலைக்கு வழியில்லாதவர் விற்க, வேறு நம்பிக்கைக்கு வழியில்லாதவர் வாங்குகிறார். மாலைக்குள் விற்காமல் போன சீட்டின் நட்டமும் அந்த முதியவர் தலையிலேயே இறங்கும்படி தாங்கள் செய்திருக்கும் ஏற்பாட்டால், விற்பவரும் வாங்குபவரும் ஒரே தட்டில் நின்று ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்கள். போலிச் சீட்டைக் காட்டிப் பரிசுப் பணம் வாங்கிப்போகும் எத்தரிடம் ஏமாறும் பெருமையும் அந்த முதியோருக்கே உரியது.

கணிதப் பெருமானே!

பன்னிரண்டு எழுத்து வரிசைகள். ஒவ்வொன்றிலும் ஆறு இலக்க எண்கள். ஒரு குலுக்கலுக்கு 1 கோடியே 8 லட்சம் சீட்டுகள் வரை அச்சாகின்றன. முதல் பரிசு ஒன்று. தொகை 1 கோடி ரூபாய். நாளுக்கு ஒரு சீட்டு விடாமல் வாங்கும் விசுவாசிக்கு அந்த முதல் பரிசு கணக்குப்படி ஒருமுறை விழுவதற்கு ஏறத்தாழ 29,600 ஆண்டுகள் ஆகும். கீழடியில் சுடுமண் உறைகளை அடுக்கிக் கிணறு கட்டிய நம் முன்னோர் ஒருவர் அன்றே சீட்டு வாங்கத் தொடங்கி, இன்றுவரை ஒரு நாளும் தவறாமல் வாங்கியிருந்தால், பத்தில் ஒரு பங்கு தூரத்தைக்கூட அவர் இன்னும் கடந்திருக்க மாட்டார். தமிழர் பழமைக்கே பொறுமை கற்பிக்கும் தங்கள் கணிதம் வாழ்க!

ஆறுதல் பரிசு என்று ஒன்றும் வைத்திருக்கிறீர்கள். முதல் பரிசு பெற்ற அதே ஆறு இலக்கம் ஒருவரிடம் இருக்கிறது. முன்னால் நிற்கும் ஆங்கில எழுத்து மட்டும் வேறு. அப்படிப்பட்டவருக்கு ஒரு கோடிக்குப் பதிலாகச் சில ஆயிரம் ரூபாய். கோடியின் வாசற்படியில் நிற்க வைத்து, உள்ளே எட்டிப் பார்க்கவும் விட்டு, கையில் பேருந்துக் கட்டணம் கொடுத்து அனுப்பும் இந்தப் பரிவைத் தாயன்பு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அவர் மறுநாள் ஒரு சீட்டோடு நிற்கமாட்டார். கடைசி நான்கு எண்ணும் ஒன்றாக வரும்படி பன்னிரண்டு சீட்டை ‘செட்’டாகவே எடுப்பார். விலை 600 ரூபாய். ஒரு நாள் கூலியில் பெரும்பகுதியை ஒரே மூச்சில் அர்ப்பணிக்கும் அந்தப் பக்தியை வளர்த்தெடுத்தது தாங்களே.

மகாபாரதத்துச் சகுனியைச் சூதில் வல்லவன் என்கிறார்கள். பாவம், அவனுக்குக் கள்ளப் பகடை தேவைப்பட்டது. தங்களுக்குத் தேவையே இல்லை. திருவனந்தபுரம் கார்க்கி பவனில், பிற்பகல் மூன்று மணிக்கு, நடுவர்கள் முன்னிலையில், எல்லோரும் பார்க்க எந்திரம் சுழல்கிறது. ஒரு மாத்திரை பிசகு கிடையாது. ஒளிவுமறைவு கிடையாது. பகடையைத் திருத்தி ஒரு தருமனின் குடும்பத்தை மட்டும் காட்டுக்கு அனுப்பியவன் சகுனி. துளிக்கூடக் களவு செய்யாமல், முழு நேர்மையோடு ஆடியே லட்சோப லட்சம் தருமர்களின் அன்றாடக் கூலியை வென்றெடுக்கும் தங்கள் முன் அவன் எம்மாத்திரம்!

நம்பிக்கை விதைக்கும் நல்லாசானே!

கேரள எல்லையில், வாளையார்ச் சோதனைச்சாவடியை அடுத்த சாலையோரத்தில் ஒருநாள் மாலை தங்கள் திருத்தொண்டைக் கண்ணாரக் கண்டோம். வரிசையாக லாட்டரிக் கடைகள். கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும் சீட்டுகள் காற்றில் படபடக்கின்றன. டீக்கடை பெஞ்சில் ஒருவர் முடிவுத் தாளை விரித்து வைத்திருக்கிறார். சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசி. தாள் முழுக்க நான்கிலக்க எண்கள் எறும்புச் சாரையாய் ஓடுகின்றன. சிறு பரிசுகளுக்குக் கடைசி நான்கு எண் பொருந்தினால் போதும் என்பதால், நகம் உடைந்த ஆள்காட்டி விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்துகிறார். டீ ஆறி ஆடை படிகிறது. விரல் ஓரிடத்தில் நின்றது. தாளில் இருப்பது 4718. அவர் கையில் இருப்பது 4719.

“ஒரே நம்பர்ல போச்சுங்க” என்றார், எங்களைப் பார்த்து.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “பக்கத்துலயே வந்துட்டுதுங்ணா. நாளைக்கு விட்டுறாதீங்க.”

கவனியுங்கள் பெருமானே, எந்திரத்துக்கு நேற்று என்பதும் தெரியாது, பக்கம் என்பதும் தெரியாது. 4718க்கு அருகே 4719 இருப்பது பள்ளிக்கூடத்துப் பலகையில்தான். ஆயினும் ஒரு படித்த பொருளாதார அறிஞர் ஓராண்டு பேசினாலும் ஊட்ட முடியாத நம்பிக்கையை அந்த ஓர் இலக்கம் அவருக்கு ஊட்டிவிட்டது. அவர் எழுந்து, மடியிலிருந்து கசங்கிய நூறு ரூபாயை எடுத்து, இரண்டு சீட்டு வாங்கினார். டீக்குச் சில்லறை போதாமல் கணக்கில் எழுதச் சொன்னார்.

இல்லறம் காக்கும் தெய்வமே!

தங்கள் சீட்டுகளுக்குத் தாங்கள் சூட்டியிருக்கும் திருநாமங்களை உச்சரித்தாலே வாய் மணக்கிறது. காருண்யா, ஸ்த்ரீ சக்தி; 2025 வரை நிர்மல், அட்சயா. ‘ஸ்த்ரீ சக்தி’ என்னும் பெயரின் ஆழத்தை உணர, சீட்டு வாங்குபவரின் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு பெண் குழுக் கடன் தவணையை இந்த வாரமும் எப்படியோ கட்டுகிறாள். அரிசி டப்பாவில் ஒளித்து வைத்த இருநூறு ரூபாய் காணாமல் போனதை இரண்டாவது முறை எண்ணிப் பார்த்து உறுதி செய்துகொள்கிறாள். காதில் கிடந்ததை அடகுக் கடையில் வைத்து, அங்கே வெறும் துளை தூர்ந்துவிடாமல் துடைப்பக் குச்சி சொருகிக்கொள்கிறாள். மகன் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்கும்போது “அப்பாவுக்கு விழட்டும்டா” என்கிறாள். இத்தனைக்கும் தேவைப்படும் சக்தி எங்கிருந்து வருகிறது? தாங்கள் வழங்கியதுதானே? பெண்களின் சக்தியை இவ்வளவு தொடர்ச்சியாகப் பரிசோதித்து வளர்த்த வேறு அரசுத் திட்டம் ஒன்று எங்களுக்குத் தெரியாது.

அவ்வீட்டு அலமாரியில், விரித்த செய்தித்தாளுக்கு அடியில், ரப்பர் பேண்டு போட்ட கட்டொன்று இருக்கும். விழாத சீட்டுகள். அவர் அவற்றை எறிவதில்லை. சேமிப்புப் பழக்கத்தையும் தாங்களே கற்பித்தீர்கள்.

காருண்ய மூர்த்தியே!

தங்களைக் குறைகூறும் சிற்றறிவினர் வாயை அடைக்கத் தாங்கள் எடுத்த பேரவதாரம் காருண்யா. 2011இல், நிதியமைச்சர் கே.எம்.மாணி அவர்களின் காலத்தில் பிறந்த அச்சீட்டின் வருமானம் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு என்று அறிவிக்கப்பட்டது. புற்றுநோயாளிகளும் இதய நோயாளிகளும் சிறுநீரகம் பழுதுற்றோரும் அதனால் உதவி பெற்றனர். இதில் பொய்யே இல்லை. உதவி பெற்ற குடும்பங்கள் உண்டு. நாங்கள் வியப்பது அவ்வுதவியின் ஊற்றுக்கண்ணை.

சுமை தூக்குபவரின் நெஞ்சடைப்புக்கு ஆட்டோ ஓட்டுநர் பணம் கட்டுகிறார். ஆட்டோ ஓட்டுநரின் சிறுநீரகத்துக்குக் கொத்தனார் பணம் கட்டுகிறார். கொத்தனாரின் மனைவிக்குப் புற்று வரும்போது, அதற்கு மீன்காரர் சீட்டு வாங்குகிறார். ஏழைக்கு ஏழையே துணை என்னும் இந்த வட்டத்துக்குள் வசதி படைத்தோரின் வருமானம் தவறிக்கூட நுழைந்துவிடாதபடி தாங்கள் காத்து நிற்கும் கட்டுக்காவலை என்னென்பது! குடிமகன் நோயுற்றால் மருந்து கொடுப்பது அரசின் கடமை என்று பழம்பஞ்சாங்கங்கள் பேசும். கடமையாக இருந்தவரை அது வெறும் செலவு. தாங்கள் கை வைத்த பிறகுதான் அது கருணையாயிற்று. ஒரு குழந்தையின் அறுவைச் சிகிச்சை நடக்க வேண்டுமானால் ஊரில் பல்லாயிரம் பேர் தோற்றாக வேண்டும் என்னும் நியதியை வகுத்த கருணை, புராணங்களில்கூடக் காணக் கிடைக்காது.

வென்றோரை வாழ்விக்கும் வள்ளலே!

தோற்றவர் புலம்புவது இயல்பு. வென்றவர் நிலையைக் கூறித் தங்கள் கொடைக்கு மெருகேற்றுவோம். ஓணம் பம்பர்ச் சீட்டு 500 ரூபாய். முதல் பரிசு 25 கோடி. அதில் பத்து விழுக்காடு முகவர் கமிஷன். மிச்சத்தில் முப்பது விழுக்காடு வருமான வரி. வென்றவர் கைக்கு வருவது 15 கோடியே 75 லட்சம். அதற்கு மேலும் உபரி வரியென்று ஒன்று பின்னால் வந்து கதவைத் தட்டும். வியாபாரத்தில் ஒருவர் நட்டப்பட்டால் அதை வருமானத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தங்கள் சந்நிதியில் வென்றவரோ அதுநாள்வரை வாங்கித் தோற்ற சீட்டுகளின் விலையில் ஒரு பைசாவைக்கூடக் கழிக்க முடியாது. காணிக்கையைக் கணக்கில் எழுதுவது பக்திக்கு இழுக்கு என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது. ஒன்றிய அரசோ 2025 செப்டம்பரிலிருந்து தங்கள் மீது 40 விழுக்காடு ஜிஎஸ்டி விதித்து, சூதாட்ட விடுதிகளோடும் குதிரைப் பந்தயத்தோடும் ஒரே பந்தியில் அமர்த்தியிருக்கிறது. தங்கள் குடிப்பிறப்பை ஊரறியச் செய்த மரியாதை அது.

பம்பர்ப் பரிசு விழுந்த ஒருவர், சில நாளிலேயே உறவும் ஊரும் அறிமுகமில்லாதவரும் கடன் கேட்டு வாசலை மொய்த்ததால் சொந்த வீட்டில் நிம்மதியாகத் தங்க முடியவில்லை என்றும், இது விழாமலே இருந்திருக்கலாம் என்றும் வெளிப்படையாகச் சொன்னதுண்டு. கொடுக்காமல் அழவைப்போர் உலகில் பலர். கொடுத்தும் அழவைக்கும் கலை தங்களுக்கே கைவந்தது.

எல்லை கடந்த பேரொளியே!

தங்கள் அருள் மலையாள மண்ணோடு நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டிலும் 1968இல், முதலமைச்சர் அண்ணா காலத்தில் அரசு பரிசுச்சீட்டு பிறந்தது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்னும் பொன்மொழி மூலை முடுக்கெல்லாம் ஒலித்தது. என்ன அழகிய ஈரடி! வீடு ஒன்றுக்கு விழும். நாட்டுக்கு எஞ்சிய வீடுகள் எல்லாம் விழும். பின்னர் பல மாநிலச் சீட்டுகளும் சுரண்டல் லாட்டரிகளும் பெட்டிக்கடைகளில் மாலையாகத் தொங்கின. பேருந்து நிலையத் தரையெங்கும் கிழித்தெறிந்த சீட்டுகள் பூமெத்தை விரித்தன. இவ்வளவு வளமும் ஒரே நாளில் வாடும்படி, 2003ஆம் ஆண்டு ஜனவரியில் முதலமைச்சர் ஜெயலலிதா லாட்டரிக்குத் தடை விதித்தார்.

தடையா தங்களைத் தடுக்கும்? வெளிச்சத்தை வேலி மறைக்குமா? வாளையாரிலும் புளியரைக்கு அப்பாலும் களியக்காவிளையை அடுத்தும் கடைகள் தமிழில் பெயர்ப்பலகை வைத்து வரவேற்றன. 2023ஆம் ஆண்டின் ஓணம் பம்பர் 25 கோடி, வாளையாரில் சீட்டு வாங்கிய தமிழ்நாட்டு நண்பர்கள் சிலருக்கு விழுந்தபோது, கோவையிலும் திருப்பூரிலும் சம்பள நாளன்று பேருந்தேறுவோர் மனத்தில் எத்தனை விளக்கு ஏற்றினீர்கள்! விழாதோர் பெயரைச் செய்தித்தாள்கள் போடுவதில்லை. தாள் போதாது.

பேருந்துக் கட்டணமும் இல்லாதோர்க்கு மூணு நம்பர் லாட்டரி இருக்கிறது. தங்கள் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று எண்ணே அதற்கு மூலதனம். சீட்டு அச்சடிக்க வேண்டாம், கடை வேண்டாம், உரிமம் வேண்டாம். டீக்கடை ஓரத்தில் துண்டுச் சீட்டில் எண் எழுதித் தருவார்கள். இப்போது வாட்ஸ்அப்பிலேயே வருகிறது. காவல்துறை அவ்வப்போது பிடிக்கும். பிடிபட்டவர் அபராதம் கட்டி மாலைக்குள் திரும்பிவிடுவார். மறுநாள் மூன்று மணிக்குத் தாங்கள் எண்ணை அறிவிப்பீர்கள், தொழில் தொடரும்.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு குடும்பம் மூணு நம்பரில் எல்லாம் இழந்தது. மூன்று பெண் குழந்தைகள். அவர்களையும் சேர்த்து ஐந்து உயிரும் ஒரே இரவில் போயின. போகும்முன் அந்தத் தகப்பன், இந்த லாட்டரியை ஒழியுங்கள் என்று காணொளியில் கேட்டுக்கொண்டார். இதிலும் தங்கள் திருப்பெயருக்கு எள்ளளவும் களங்கம் இல்லை என்பதை நாங்கள் இங்கே பதிவு செய்ய விரும்புகிறோம். அங்கே விற்றது தங்கள் சீட்டு அன்று. அதில் தங்கள் முத்திரை கிடையாது, கையொப்பம் கிடையாது. ஊரெங்கும் அந்த ஆட்டத்துக்குத் தங்களிடமிருந்து எடுத்துக்கொள்வது மூன்று எண்கள் மட்டுமே.

ஜனநாயகத் தூணே!

நாட்டுக்கு என்று சொன்ன சொல்லைத் தங்கள் குலத்தார் காப்பாற்றிய விதத்தை 2024 மார்ச்சில் நாடே கண்டது. உச்ச நீதிமன்ற ஆணையால் தேர்தல் பத்திரக் கணக்கு வெளிவந்தபோது, அதிகப் பத்திரம் வாங்கியோர் பட்டியலின் உச்சியில் வீற்றிருந்தது ஃபியூச்சர் கேமிங். சிக்கிம், நாகாலாந்து போன்ற தங்கள் உடன்பிறப்புகளின் சீட்டுகளை விற்றுவந்த நிறுவனம். வாங்கிய பத்திரம் 1,368 கோடி ரூபாய். இரும்பு, நிலக்கரி, சிமெண்டு, மருந்து என்று ஆலை நடத்திய பெருங்குடி மக்கள் எல்லாம் பின்வரிசையில் நின்றார்கள். திரிணமூல் காங்கிரசுக்கு 500 கோடிக்கு மேல், திமுகவுக்கு 500 கோடிக்கு மேல், பாஜகவுக்கு 100 கோடி என்று கொள்கை பேதம் பாராது வழங்கிய சமநோக்கு யாருக்கு வரும்? லாட்டரியைத் தடை செய்த தமிழ்நாட்டில், கோவையில்தான் அந்நிறுவனத்தின் இருப்பிடம் என்பது எங்கள் மண்ணுக்குக் கிடைத்த தனிப்பெருமை. சீட்டு வாங்கியவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களிக்கிறார். சீட்டு விற்றவர் ஆண்டு முழுவதும் வாக்களிக்கிறார்.

சட்டத்தின் செல்லப் பிள்ளையே!

ஊர்ப்புறத்து அரசமரத்தடியில் நான்கு பேர் துண்டை விரித்துச் சீட்டாடினால் காவலர் வந்து ஆட்டக்காரரையும் அள்ளுவார், துண்டையும் அள்ளுவார். பந்தயப் பணம் எவ்வளவு பறிமுதல் என்று மறுநாள் செய்தி வரும். பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை செய்தது. குடும்பங்கள் அழிகின்றன என்று அவையில் உருக்கமாகப் பேசினார்கள். அரசு நடத்தினாலும் லாட்டரி சூதாட்டமே என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயினும் தங்கள் திருமேனியில் ஒரு கீறல் உண்டா? மரத்தடியில் ஆடியவர் செய்த பிழை ஆடியதன்று. அரசைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளாததே.

திருவள்ளுவர் ஒருவர்தான் எங்களுக்குத் தீராத வருத்தம். அரசனின் பெருமை பேசும் இறைமாட்சியில் சூதையும் சேர்த்திருக்க வேண்டியவர், கவனக்குறைவாக அதை 94ஆம் அதிகாரமாக, கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே வைத்துவிட்டார். தங்களைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

விண்ணப்பம்

கருணை மிகுந்த பெருமானே, தங்கள் புகழைப் பாடிய கையோடு எங்கள் சிறு வேண்டுதல்களையும் திருச்செவியில் ஏற்றருள வேண்டும்.

சீட்டின் முகப்பில் பரிசுத் தொகையைக் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறீர்கள். அதே அளவு எழுத்தில், அதனருகே, ‘1 கோடியே 8 லட்சத்தில் ஒன்று’ என்றும் அச்சிட்டருள வேண்டும். தங்கள் சாதனையின் முழு விரிவையும் வாங்குவோர் உணர அது உதவும்.

பரிசு பெற்றவர் படத்தைக் கடை வாசலில் மாலையிட்டு மாட்டுகிறார்கள். அன்று விழாத மற்றவர் பெயர்களையும் ஊர்வாரியாக, அவரவர் செலவிட்ட தொகையோடு, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். நாட்டுக்கு அள்ளிக் கொடுத்த அந்த வள்ளல்களை ஊர் அறிய வேண்டாமா?

காருண்யாவைப் போல வசதி படைத்தோர்க்கும் ஒரு சீட்டு தொடங்க வேண்டும். விலை ஒரு லட்சம் ரூபாய். வருமானம் முழுவதும் ஏழைகளின் சிகிச்சைக்கு. ஐம்பது ரூபாய் கொடுத்துத் தொண்டு செய்யும் பேறு கூலிக்காரருக்கு மட்டுமே கிடைத்திருப்பதில் செல்வந்தர்கள் உள்ளூர மனம் நொந்திருப்பார்கள்.

இறுதியாக ஒன்று. இத்துறையால் நாடு வளர்கிறது, குடும்பங்கள் தழைக்கின்றன, நோய்கள் தீர்கின்றன என்று சட்டமன்றத்தில் எழுந்து பேசும் அமைச்சர் பெருமக்களும், கோப்பில் கையெழுத்திடும் செயலர்களும், இனி தம் மாதச் சம்பளத்தை ரொக்கமாக வாங்காமல் தங்கள் சீட்டாகவே பெற்றுக்கொள்ள ஆணையிட்டருள வேண்டும். ஓய்வூதியமும் அப்படியே. மாதக் கடைசியில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் மருந்துச் சீட்டுக்கும் அவர்கள் அந்தச் சீட்டுக் கட்டையே நீட்டட்டும். அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்பது எங்கள் திடமான நம்பிக்கை. நாங்கள் இத்தனை ஆண்டுகளாக மறுக்காமல் வாங்கியதையே அவர்களையும் வாங்கச் சொல்கிறோம். விழுந்தால் அவர்கள் வீட்டுக்கு. விழாவிட்டால், அவர்கள் இவ்வளவு நேசிக்கும் நாட்டுக்கு.

இங்ஙனம்,
தங்கள் வளர்ச்சிக்கு வாழ்நாள் கூலியை ஈந்து மகிழும்,
விழாதோர் அனைவரும்.